ஹைமாஸ் விளக்கும் ஐந்து கோடி ஒளியாண்டும்

எங்க பக்கம் இப்போ எந்த ஊருக்குப் போனாலும் முச்சந்தியில் ஒரு ஹைமாஸ் விளக்கு நிக்குது. கல்வெட்டில் அதுக்குப் பேர் உயர் கோபுர மின்விளக்கு. யார் நிதியில் போட்டது, யார் திறந்து வெச்சது எல்லாம் கல்வெட்டில் இருக்கும். அந்த வெளிச்சத்தில் தரைக்கு வர்றது எவ்வளவு, வானத்துக்குப் போறது எவ்வளவுன்னு மட்டும் எதிலும் இருக்காது. அந்த வானத்துக்குப் போற பங்கைப் பத்தித்தான் இன்னைக்கு சண்டை.

"வானத்துக்கு வெளிச்சம் போனா உனக்கு என்னய்யா நஷ்டம்?"னு ஊரில் கேக்கறாங்க. பட்டணத்தில் இருந்து படிக்கிற நீங்க கொஞ்சம் நாசூக்கா கேப்பீங்க: "முன்னேற்றம் வரும்போது ஒரு விவசாயியே இருட்டு வேணும்னு கேக்கலாமா?" ரெண்டு பேருக்கும் சேர்த்தே சொல்றேன். எங்க இருட்டு குறை இல்லை. அது எங்ககிட்ட இருக்கிற சொத்து. கிணத்துத் தண்ணி மாதிரி, கீழே போன பிறகுதான் அருமை தெரியும்.

ஜவ்வாது மலை அடிவாரத்துக்கு மாசி, பங்குனி அமாவாசையை ஒட்டி சென்னையில் இருந்தும் பெங்களூரில் இருந்தும் சில பசங்க வருவாங்க. என் மேட்டுக் கொல்லையில்தான் ராத்திரி முழுக்க இருப்பாங்க. வாடகைப் பேச்சு கிடையாது, தண்ணியும் ஒரு கட்டிலும் கொடுத்தா போதும். முக்காலியில் ஒரு சின்ன டெலஸ்கோப், அதோட வாலில் கேமரா, பூமி சுத்தறதுக்கு ஏத்த மாதிரி மெல்லத் திரும்பற ஒரு மோட்டார். அவங்க பிடிக்கிறது நிலாவையோ சனியையோ இல்லை. கண்ணுக்குத் தெரியாத கேலக்ஸிகளை.

ஏன் இங்கே வர்றாங்க? கன்னி ராசிப் பக்கம் ஆயிரத்துக்கு மேல கேலக்ஸிகள் ஒரே கூட்டமா இருக்கு. விர்கோ கூட்டம்னு சொல்றாங்க. ஐந்து கோடி ஒளியாண்டுக்கும் அப்பால். 2019-ல் கருந்துளையோட முதல் படம்னு உலகமே பாத்துதே, அந்தக் கருந்துளை உட்கார்ந்திருக்கிற எம்87 இந்தக் கூட்டத்தில்தான் இருக்கு. பங்குனி மாசம் நடுராத்திரியில் அது எங்க மலைக்கு நேர் மேலே, உச்சந்தலையில் இருந்து ஒரு டிகிரிகூட விலகாம கடந்து போகுது. தலைக்கு மேலே இருக்கும்போதுதான் நடுவில் காத்து கம்மி, தூசி கம்மி. லண்டனில் இருக்கிறவனுக்கு அது பாதி உயரத்துக்குத்தான் ஏறும். எங்களுக்கு உச்சியில் வந்து நிக்குது. இதை எந்தத் தொகுதி நிதியிலும் வாங்க முடியாது.

இது புதுசா யாரும் கண்டுபிடிச்ச விஷயமும் இல்லை. வேணு பாப்பு இந்த இருட்டையும் தென் வானத்தையும் பாத்துட்டுத்தான் 1960-களில் இதே மலையில் காவலூரில் வானாய்வகம் தொடங்கினார். 1977-ல் யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் இருக்குன்னு உலகத்துக்குத் தெரிஞ்ச அந்த ராத்திரி, காவலூர் ஒரு மீட்டர் டெலஸ்கோப்பும் அதைப் பதிவு பண்ணுச்சு. 1986-ல் இங்கேயே 2.34 மீட்டர் டெலஸ்கோப் வந்தது. அவ்வளவு பெரிய கண்ணு ஒண்ணை மலை மேலே வெச்சுட்டு, அடிவாரம் பூரா டார்ச் அடிச்சா என்ன நியாயம்?

"படத்தைக் கம்ப்யூட்டரில் சரி பண்ணிக்கலாமே"ன்னு ஒரு படிச்சவரே கேட்டார். அதனால வேலை எப்படி நடக்குதுன்னு சொல்லிடறேன். ஒரே படமா எடுக்கறதில்லை. மூணு மூணு நிமிஷமா நூறு, இருநூறு படம் எடுத்து ஒண்ணு மேலே ஒண்ணா அடுக்கறாங்க. கேலக்ஸி வெளிச்சம் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் விழும், சேரச் சேரத் தெரியும். ஆனா வானத்தில் பரவியிருக்கிற தெருவிளக்கு வெளிச்சமும் கூடவே சேருது. அதோட சராசரியைக் கழிச்சுடலாம். அதோட ஏத்த இறக்கத்தைக் கழிக்க முடியாது.

லாரி எடைமேடை தெரியும் இல்லையா? கரும்பு லாரி ஏறி நிக்கும்போது அது மேலே ஒரு கைப்பிடி எள்ளு வெச்சு எடை பாருங்க. லாரி எடையைக் கழிச்சா எள்ளு எடை வரணும், கணக்கு சரிதான். ஆனா எடைமேடை முள்ளு ஆடற ஆட்டமே எள்ளைவிட ஜாஸ்தி. எங்கே தேடுவீங்க? மங்கலான கேலக்ஸி அந்த எள்ளு. வானம் பத்து மடங்கு வெளிச்சமானா, அதே தரத்தில் படம் எடுக்க ஏறக்குறைய பத்து மடங்கு நேரம் வேணும். இருட்டு வானத்தில் ஆறு மணி நேரத்தில் முடியறது, அங்கே அறுபது மணி நேரம். அமாவாசையை ஒட்டி நாலு ராத்திரி, அதிலும் மேகம் இல்லாத மாசம் வருஷத்தில் சிலதுதான். ஆடியில் இருந்து மார்கழி வரைக்கும் பாதி நாள் மேகம். அறுபது மணி நேரத்துக்கு எங்கே போறது?

ஃபில்டர் போடலாமேன்னு அடுத்த கேள்வி வரும். சில நெபுலாக்களுக்குப் போடலாம். அது குறிப்பிட்ட ஒண்ணு ரெண்டு நிறத்தில் மட்டும் ஒளி விடற வாயு, மத்ததை மறைச்சா போச்சு. கேலக்ஸி அப்படி இல்லை. அது கோடிக்கணக்கான நட்சத்திரங்களோட வெளிச்சம், எல்லா நிறமும் கலந்தது. முன்னே நெடுஞ்சாலையில் மஞ்சள் சோடியம் விளக்கு எரிஞ்சப்போ, அந்த மஞ்சளை மட்டும் ஓரளவு தடுக்க முடிஞ்சது. இப்போ வெள்ளை எல்.இ.டி. அதுவும் கேலக்ஸி மாதிரியே எல்லா நிறமும் விடுது. திருடனும் வீட்டுக்காரனும் ஒரே சட்டை போட்டிருந்தா காவல்காரன் யாரைப் பிடிப்பான்?

அதிலும் அந்த நீலம் கலந்த வெள்ளை இருக்கே, அட்டையில் 6500ன்னு போட்டது, அதுதான் மோசம். நீல ஒளி காத்தில் ஜாஸ்தி சிதறும். பகலில் வானம் நீலமா இருக்கிறதுக்கு என்ன காரணமோ அதே காரணம்தான். மின்சாரம் மிச்சம்னு சொல்லி மாத்தினாங்க, மிச்சமானது நிஜம். மிச்சமான காசுக்கு இன்னும் நாலு கம்பம் நட்டதும் நிஜம். 2023-ல் சயின்ஸ் பத்திரிகையில் ஒரு ஆய்வு வந்தது. 2011-ல் இருந்து 2022 வரைக்கும் சாதாரண மக்கள் வெறுங்கண்ணால நட்சத்திரம் பாத்து அனுப்பின கணக்கு. வானத்தோட வெளிச்சம் சராசரியா வருஷத்துக்கு 9.6 சதவீதம் கூடுதாம். அந்தக் கணக்கு பெரும்பாலும் ஐரோப்பாவும் வட அமெரிக்காவும். வட்டிக் கணக்கு தெரிஞ்ச யாரும் போட்டுப் பாக்கலாம், எட்டு வருஷத்துக்குள்ள ரெட்டிப்பு.

சரி, இந்தப் படங்களால யாருக்கு என்ன பிரயோஜனம், காசுள்ளவன் பொழுதுபோக்குதானேன்னு ஒரு வாதம். டெலஸ்கோப் விலையைப் பாத்தா எனக்கும் அப்படித்தான் தோணும், ஒரு பவர் டில்லர் வாங்கிடலாம். ஆனா நடந்ததைப் பாருங்க. இத்தாலியில் ஜுசெப்பே தொனாதியெல்லோன்னு ஒரு அமெச்சூர். தன்னோட பழைய படங்களைத் திரும்பப் பாக்கும்போது, 2016-ல், ஆண்ட்ரோமேடா விண்மீன் கூட்டத் திசையில் ஒரு மங்கலான புகைக்கறை மாதிரி ஒண்ணைக் கவனிச்சார். ஏறக்குறைய ஒரு கோடி ஒளியாண்டு தூரத்தில், அதுவரைக்கும் யாருமே குறிக்காத ஒரு குட்டி கேலக்ஸி. இப்போ அதுக்கு அவர் பேரே, தொனாதியெல்லோ 1. படம் பிடிச்சது பெரிய ஆய்வகக் கருவியில் இல்லை, ஒரு சாண் அகலம்கூட இல்லாத லென்ஸில். இடம், தெற்கு இத்தாலியில் ஒரு இருண்ட மலைக்காடு.

இன்னொண்ணு ஆண்ட்ரோமேடா கேலக்ஸி. 25 லட்சம் ஒளியாண்டு, நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கே தெரியும். உலகத்திலேயே அதிகமா படம் எடுக்கப்பட்ட கேலக்ஸிகளில் ஒண்ணு. அதுக்குப் பக்கத்திலேயே பெரிய ஒளிவில் ஒண்ணு இருக்கிறதை அத்தனை வருஷமா யாரும் பாக்கலை. யான் செய்ந்தி, சேவியர் ஸ்ட்ரோட்னர், மார்செல் ட்ரெக்ஸ்லர்னு மூணு அமெச்சூருங்க, நூறு மணி நேரத்துக்கும் மேல படங்களைச் சேர்த்து அதை வெளியே கொண்டுவந்தாங்க. 2023 ஜனவரியில் அறிவிச்சாங்க. அது ஆண்ட்ரோமேடாவைச் சேர்ந்ததா, நம்ம பக்கத்து வாயுவான்னு விஞ்ஞானிங்க இன்னும் விவாதிக்கறாங்க. பொறுமை, சுமாரான கருவி, இருட்டு. மூணில் ரெண்டை நம்ம பசங்க கொண்டு வந்துடுவாங்க. மூணாவதை நாமதான் வெச்சிருக்கணும். அடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பொண்ணு ஒண்ணு நாளைக்கு அந்த மாதிரி ஒரு புள்ளியைப் பாக்கணும்னா, அவளுக்குப் பெரிய கருவி வாங்கிக் கொடுக்க எங்களால ஆகாது. இருட்டைக் கெடுக்காம விட ஆகும்.

இப்போ கனமான வாதத்துக்கு வர்றேன். "ராத்திரி பாம்பு இருக்கு, பொம்பளைங்க நடந்து வர்றாங்க, இருட்டு வேணும்னு பேசறவன் வீட்டில் பொண்ணு இல்லையா?" இதை ஒதுக்கிட்டுப் போக முடியாது. கடைசி பஸ்ஸில் இறங்கி வர்ற பொண்ணுக்கு வெளிச்சம் வேணும், அதில் பேச்சே இல்லை. ஆனா ஹைமாஸ் அவளுக்குக் கொடுக்கிறது என்ன? முச்சந்தியில் கண்ணு கூசற வெள்ளை. அதுக்குப் பழகின கண்ணோட அம்பது அடி தள்ளி சந்துக்குள்ள திரும்பினா, பாம்பும் தெரியாது, நிக்கிற ஆளும் தெரியாது. அவ வீட்டு வழி பூரா விளக்கு வேணும், இடுப்புயர வெளிச்சமா தரையில் விழணும். ஒரு கோபுரத்துக்குப் போடற காசில் எத்தனை சந்துக்கு மூடி போட்ட சின்ன விளக்கு போடலாம்னு யாராவது கணக்குக் கேட்டிருக்காங்களா? கோபுரத்துக்குத் திறப்பு விழா உண்டு, சந்து விளக்குக்குக் கிடையாது. விஷயம் அங்கேதான் இருக்கு.

வானத்தை விடுங்க, கழனிக்கு வாங்க. பெங்களூர் பக்கம் செவ்வந்தி போடறவங்க ராத்திரியில் தோட்டம் பூரா பல்பு எரிய விடறது எதுக்கு? வெளிச்சம் இருந்தா செடி பூக்கறதைத் தள்ளிப் போடும், அதனால. பழைய சம்பா ரகங்களும் ராத்திரி நீளம் பாத்துத்தான் கதிர் வாங்கும். தெருவிளக்கு அடியில் இருக்கிற பயிர் மட்டும் பச்சையா நின்னுக்கிட்டே இருக்கிறதைப் பாக்கணும்னா கொல்லைக்கு வாங்க, காட்டறேன். விளக்குப் பொறி வெச்சா குருத்துப்பூச்சி அந்துப்பூச்சி வந்து விழும், ஆனா ராத்திரி முழுக்க எரிய விடாதே, நல்ல பூச்சியும் செத்துடும்னு வேளாண்மைத் துறையே சொல்லுது. ஹைமாஸ் என்ன? விடிய விடிய எரியற விளக்குப் பொறி.

லடாக்கில் ஹான்லேன்னு ஒரு இடம், 4500 மீட்டர் உயரம், அங்கேயும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தோட டெலஸ்கோப் இருக்கு. 2022 டிசம்பரில் அதைச் சுத்தி ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல இருள் வான் காப்பகம்னு அறிவிச்சாங்க. ஊர்க்காரங்களை வெளியே தள்ளலை. உள்ளூர் ஆளுங்களுக்கே, பொம்பளைங்க உட்பட, பயிற்சியும் டெலஸ்கோப்பும் கொடுத்து, வர்றவங்களுக்கு வானம் காட்டற வேலை கொடுத்தாங்க. தங்கற வீட்டு வருமானமும் அவங்களுக்கே. நம்ம மாநிலத்திலும் கொல்லிமலையில் இருள் வான் பூங்கா வரும்னு அரசு அறிவிச்சது. வரட்டும், சந்தோஷம். ஆனா ஒரு மலையில் இருட்டுக்கு வேலி போட்டுப் பூங்கா வெச்சுட்டு, மத்த மலையெல்லாம் ஃப்ளட் லைட் அடிச்சா, அது காட்டை வெட்டிட்டுத் தொட்டியில் செடி வளக்கற கதை. காவலூர் இருக்கிற மலைக்கே முதல்ல கேட்டிருக்கணும்.

பட்டணத்துக்காரங்களே, உங்ககிட்ட ஒரு கேள்வி. வார விடுமுறைக்கு மலைக்கு வர்றீங்க, "அப்பா, எவ்வளவு நட்சத்திரம்"னு வாயைப் பிளக்கறீங்க. அதே ராத்திரி நீங்க தங்கற விடுதி தோட்டத்தில் ஒவ்வொரு மரத்துக்கும் கீழே இருந்து மேலே பாத்து விளக்கு எரியுது. ஒருத்தராவது அணைக்கச் சொல்லி இருப்பீங்களா? காசு கொடுக்கிற நீங்க சொன்னா அணைப்பாங்க, நான் சொன்னா கேட்டில் கூட விடமாட்டாங்க.

வருஷத்துக்கு ஆறு கிராம சபை. மே 1 அன்னைக்கு எங்க ஊரில் நான் எழுதிக் கொடுக்கப் போற மனு இதுதான்: இருக்கிற ஹைமாஸ் விளக்குகளோட முகத்தைத் தரையைப் பாக்கத் திருப்பணும், அதனால வட்டம் சுருங்கற இடத்தில் சந்துக்குச் சந்து மூடி போட்ட சின்ன விளக்கு வேணும்; இனிமே வாங்கற பல்பு 3000-க்கு மேல போகக்கூடாது, மஞ்சள் வெள்ளையா இருக்கணும்; ராத்திரி பதினொண்ணுக்கு மேல முச்சந்தி விளக்கில் பாதியை அணைக்கணும், பஸ் நிறுத்தத்துக்கு மட்டும் விலக்கு. வாக்காளர் பட்டியலில் இன்னும் ஊர்ப் பேரிலேயே இருக்கிறவங்க உங்களில் நிறையப் பேர். உங்க ஊர் கிராம சபையிலும் அன்னைக்கு எழுந்து நின்னு இதையே கேளுங்க. தீர்மான நோட்டில் எழுதினதைப் படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்து போடுங்க.