நீல் யங்: தன்னைப் போல் பாடாதவர்

1983ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் விநோதமான வழக்கொன்று தொடரப்பட்டது. தொடர்ந்தது கெஃபன் என்னும் இசைத்தட்டு நிறுவனம். எதிர்வாதி, அதே நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டிருந்த கனடியப் பாடகரும் பாடலாசிரியருமான நீல் யங். கோரப்பட்ட இழப்பீடு 33 லட்சம் டாலர். குற்றச்சாட்டின் சாரம் இதுதான்: அவர் அளித்த தொகுப்புகள் சந்தையில் விலைபோகும் தன்மையுடையவை அல்ல, அவருடைய முந்தைய பாடல்களின் இயல்பிலிருந்தும் அவை விலகியிருக்கின்றன. பிறரைப் போல் எழுதிவிட்டதாகக் கலைஞர்கள் மீது வழக்குகள் வந்ததுண்டு. தன்னைப் போல் பாடவில்லை என்பதற்காக ஒருவர் நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டது அபூர்வத்திலும் அபூர்வம். வழக்கு பின்னர் சமரசத்தில் முடிந்தது. ஆனால் அது எழுப்பிய கேள்வி முடிந்துவிடவில்லை. ஒரு கலைஞன் தன் கடந்தகாலத்துக்குக் கடன்பட்டவனா? நேற்று நமக்குப் பிடித்தமான ஒன்றைத் தந்தவனிடம், நாளையும் அதையே தரவேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டா?

நீல் யங்கின் அறுபதாண்டு இசைவாழ்வை இந்தக் கேள்வியின் வழியாகவே அணுக வேண்டும் என்பது நம் எண்ணம். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய பன்முகத்தன்மையை வியந்து பாராட்டுவார்கள்: நாட்டார் இசை, ராக், கன்ட்ரி, ப்ளூஸ், மின்னணு இசை என்று ஒரு பட்டியல் வரும். பட்டியல் பிழையல்ல. ஆயினும் பன்முகத்தன்மை என்ற சொல், எல்லாம் தெரிந்த ஒரு வித்தகரின் சாமர்த்தியத்தைச் சுட்டுகிறது. யங்கிடம் நாம் காண்பது அதுவன்று. ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாத தவிப்பு என்று வேண்டுமானால் அதைச் சொல்லலாம்.

1945இல் டொரொன்டோவில் பிறந்து, சிறுவயதில் போலியோவில் பிழைத்து, வின்னிபெக் நகரில் பள்ளிப் பருவத்திலேயே இசைக்குழு நடத்தியவர் அவர். 1966இல் பழைய சவ ஊர்தியொன்றை ஓட்டிக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸ் வந்துசேர்ந்தார். அங்கே அமைந்த 'பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட்' குழு இரண்டே ஆண்டுகளில் கலைந்தது. அடுத்து 'கிரேஸி ஹார்ஸ்' குழுவுடன் கரடுமுரடான ராக். அதே காலத்தில் கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் மூவரோடு சேர்ந்து இழைத்துச் செதுக்கிய கூட்டுக்குரல் இசை. 1970 மே மாதம் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவற்படையினர் சுட்டு நான்கு மாணவர்கள் இறந்தபோது, அவர் எழுதிய 'ஒஹாயோ' பாடல் சில வாரங்களிலேயே வெளிவந்தது. 1972இல் 'ஹார்வெஸ்ட்' வந்தது. அவ்வாண்டு அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற தொகுப்பு அது. 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' என்ற பாடல் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. 27 வயது நிறைவதற்குள் ஒரு பாடகன் விரும்பத்தக்க அனைத்தும் அவர் கைக்கு வந்துவிட்டன.

அதன்பின் நடந்ததை அவரே பிற்பாடு ஓர் உருவகத்தால் விளக்கினார். அந்தப் பாடல் தம்மை நெடுஞ்சாலையின் நடுவே கொண்டுபோய் நிறுத்திற்று, அங்கே பயணம் செய்வது விரைவில் சலித்துவிட்டது, ஆகவே வண்டியைச் சாலையோரப் பள்ளத்தை நோக்கித் திருப்பினேன் என்பது அதன் கருத்து. இவ்விளக்கம் புகழ்பெற்றுவிட்டது. 1973 முதல் 1975 வரை வெளிவந்த மூன்று தொகுப்புகளை இன்றும் ரசிகர்கள் 'பள்ளத்து மூன்று' என்ற பொருளிலேயே குறிப்பிடுகிறார்கள்.

ஆனால் இவ்விளக்கத்தை அப்படியே ஏற்க நமக்குத் தயக்கமிருக்கிறது. சலிப்பு என்பது உண்மையின் ஒரு பகுதி மட்டுமே. 1972 நவம்பரில், பெரும் சுற்றுப்பயணத்துக்கான ஒத்திகைக்கு 'கிரேஸி ஹார்ஸ்' கிட்டார் கலைஞர் டேனி விட்டன் வந்திருந்தார். போதைப் பழக்கத்தால் வாசிக்க இயலாத நிலையிலிருந்த அவரை யங் திருப்பி அனுப்பினார். அன்றிரவே லாஸ் ஏஞ்சலஸில் விட்டன் இறந்துபோனார். அடுத்த ஆண்டு, குழுவின் கருவிகளைச் சுமந்து பராமரித்த புரூஸ் பெர்ரியும் ஹெராயினுக்குப் பலியானார். இவ்விருவருக்காகவும் 1973இல் பதிவுசெய்யப்பட்டதே 'டுநைட்ஸ் த நைட்'. குரல் பிசிறுகிறது, சுருதி நழுவுகிறது, வாசிப்பவர்கள் தள்ளாடுகிறார்கள். அதில் எதையும் அவர் திருத்தவில்லை. இழவு வீட்டின் ஒலியைச் செப்பனிட அவருக்கு மனம் வரவில்லை போலும். நிறுவனம் தயங்கியதால் அத்தொகுப்பு இரண்டாண்டுகள் கிடப்பில் கிடந்தது. 1975இல் கேட்பதற்கு இதமான 'ஹோம்குரோன்' என்ற வேறொரு தொகுப்பு தயாராக இருந்தது. நண்பர்களுக்கு இரண்டையும் போட்டுக்காட்டிய பிறகு, இதமானதை ஒதுக்கிவிட்டு இதை வெளியிட்டார். ஒதுக்கப்பட்டது வெளிவர 2020 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆகவே முதல் திருப்பம் சலிப்பினால் மட்டும் நேர்ந்ததன்று. நண்பனின் மரணத்துக்குப் பிறகும் 'ஹார்வெஸ்ட்' குரலில் பாடிக்கொண்டிருப்பது பொய்யாகியிருக்கும். அந்தப் பொய்யைத்தான் அவர் மறுத்தார்.

இரண்டாவது பெருந்திருப்பம் நம்மை மீண்டும் அந்த வழக்கிடம் கொண்டுசெல்கிறது. படைப்புச் சுதந்திரம் உண்டு என்ற உறுதியோடு கெஃபன் நிறுவனத்துக்கு வந்த யங், முதலில் அளித்தது 'டிரான்ஸ்'. பெரும்பாலான பாடல்களில் அவருடைய குரலே அடையாளம் தெரியவில்லை. வோகோடர் என்னும் கருவியால் அது இயந்திரக் குரலாக உருமாற்றப்பட்டிருந்தது. ரசிகர்கள் திகைத்தார்கள், பலர் கேலிசெய்தார்கள். நிறுவனம் ராக் அண்ட் ரோல் கேட்டது. 1983இல் அவர் 1950களின் பாணியில், அரைமணி நேரம்கூட ஓடாத 'எவ்ரிபடீஸ் ராக்கின்' தொகுப்பைக் கொடுத்தார். கேட்டதைத்தானே கொடுத்தேன் என்னும் குறும்பு அதில் உண்டு. வழக்கு வந்தது அதன் பிறகுதான்.

'டிரான்ஸ்' தொகுப்பின் பின்னணியை யங் பின்னாட்களில் சொன்னார். 1978இல் பிறந்த அவருடைய மகன் பெருமூளை வாதத்தால் பாதிக்கப்பட்டவன்; பேச இயலாதவன். மகனோடு உரையாட ஒரு வழி தேடிய தந்தையின் தவிப்பே அந்த இயந்திரக் குரல்கள். ஏதோ சொல்லப்படுகிறது, ஆனால் சொற்கள் பிடிபடவில்லை. கேட்பவரிடம் அந்த நிலையைத்தான் அவர் உண்டாக்கினார். 1986இல், பேச்சில் கடும் குறைபாடுள்ள குழந்தைகளுக்காகக் கலிஃபோர்னியாவில் பிரிட்ஜ் பள்ளியை நிறுவியவர்களுள் ஒருவர் அவருடைய அன்றைய மனைவி பெகி யங். அப்பள்ளிக்காக ஏறத்தாழ ஆண்டுதோறும், 2016 வரை, யங் இசைநிகழ்ச்சிகள் நடத்திவந்தார்.

இந்தக் கதை தெரிந்தபின் 'டிரான்ஸ்' முற்றிலும் வேறு படைப்பாகிவிடுகிறது என்று கூறுவோர் உண்டு. நாம் அவ்வளவு தூரம் போக மாட்டோம். நோக்கத்தின் தூய்மை ஒரு பாடலை நல்ல பாடலாக்கிவிடாது. 'டிரான்ஸ்' தொகுப்பில் சில பாடல்கள் இன்றும் நெஞ்சைத் தொடுகின்றன. சில வெறும் கருவி விளையாட்டாகவே நிற்கின்றன. 'எவ்ரிபடீஸ் ராக்கின்' நீர்த்துப்போனது. 1986இல் வந்த 'லேண்டிங் ஆன் வாட்டர்' தொகுப்பை மீண்டும் கேட்கப் பொறுமை வேண்டும். இவற்றைக் காலம் புரிந்துகொள்ளத் தவறிய காவியங்கள் என்று நிறுவ முயல்வது அவருக்கே செய்யும் அநீதி.

வழக்கமாக முன்வைக்கப்படும் இன்னொரு சமாதானமும் உண்டு. அந்தத் தோல்விகள் யாவும் பிந்தைய வெற்றிகளுக்கான படிக்கட்டுகள் என்பது அது. உண்மையில் 1989இல் வந்த 'ஃப்ரீடம்' பெரும் மீட்சியாக அமைந்தது. 1990இன் 'ராக்ட் குளோரி' அவரை இளைய தலைமுறையின் முன்னோடியாக்கியது. 1991இல் சோனிக் யூத் போன்ற இரைச்சல் இசைக்குழுவை உடன் அழைத்துச் சுற்றுப்பயணம் சென்றவர், 1992இல் 'ஹார்வெஸ்ட் மூன்' மூலம் இருபதாண்டுகளுக்கு முன் விட்டுவந்த அதே மென்குரலுக்குத் திரும்பினார். 1995இல் தம்மைவிட ஏறக்குறைய இருபது வயது இளையவர்களான பேர்ல் ஜாம் குழுவினரோடு ஒரு தொகுப்பு. ஜிம் ஜார்முஷின் 'டெட் மேன்' திரைப்படத்துக்குப் படத்தைப் பார்த்தபடியே தன்னிச்சையாக வாசித்த கிட்டார் இசை. எண்பதுகளில் அவரைக் கைகழுவியவர்கள் தொண்ணூறுகளில் திரும்பி வந்தார்கள்.

எனினும் படிக்கட்டு வாதத்தை நாம் ஏற்கவில்லை. இறுதியில் லாபம் வந்தது, ஆகவே இடையில் வந்த நட்டத்தை மன்னிக்கலாம் என்பது கணக்குப்பிள்ளையின் தர்க்கம். அந்த நிறுவனம் நீதிமன்றத்தில் வைத்ததும் இதே தர்க்கத்தைத்தான். தவணைக்காலம் மட்டுமே சற்று வேறு. 'ஃப்ரீடம்' வராமலே போயிருந்தால்? எண்பதுகளோடு யங் ஓய்ந்துபோயிருந்தால்? அப்போதும் 'டிரான்ஸ்' செய்ய அவருக்கு உரிமை இருந்திருக்கும் என்றே நாம் சொல்வோம். தோற்பதற்கான உரிமை, பின்னால் வெல்வோம் என்ற பிணையின் பேரில் வழங்கப்படுவதாக இருக்கக்கூடாது. அப்படி வழங்கப்பட்டால் அதற்குப் பெயர் முதலீடு.

இங்கே மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இருப்புக்கொள்ளாமையின் விலையைக் கலைஞன் மட்டுமே செலுத்துவதில்லை. 1976இல் ஸ்டீஃபன் ஸ்டில்ஸோடு சேர்ந்து தொடங்கிய சுற்றுப்பயணத்திலிருந்து யங் பாதிவழியில் விலகினார். நண்பருக்கு அச்செய்தி ஒரு தந்தி மூலம் வந்துசேர்ந்தது. எஞ்சிய நிகழ்ச்சிகளின் பாரம் ஸ்டில்ஸின் தலையில் விழுந்தது. குழுக்களைத் தொடங்குவதும் கலைப்பதும் யங்கின் வாழ்வில் திரும்பத் திரும்ப நிகழ்ந்தன. ஒவ்வொரு முறையும் யாரோ சிலர் பாதிவழியில் நிற்கவேண்டி வந்தது. 'உள்ளுணர்வு அழைத்தது, போனேன்' என்பது கலைக்குப் போதுமான விடையாக இருக்கலாம். நட்புக்கு அது போதாது. ரசிகனுக்கு அவர் கடன்பட்டவரல்ல என்கிறோம். உடன் உழைத்தவர்கள் விஷயத்தில் அதையே சொல்ல நம்மால் முடியவில்லை.

ஆனால் அவர் எதையும் நிலையாகப் பற்றிக்கொள்ளாதவரும் அல்லர். அறுபதுகளின் இறுதியில் கைக்கு வந்த, கறுப்பு வண்ணம் பூசிய 1953ஆம் ஆண்டு கிப்ஸன் கிட்டாரை இன்றளவும் விடவில்லை. 1969இல் முதன்முதலாகச் சேர்ந்து பதிவுசெய்த 'கிரேஸி ஹார்ஸ்' குழுவிடம் ஐம்பதாண்டுகளுக்கும் மேலாகத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தார். வாசிப்புத் திறமையில் அவர்களை விஞ்சியவர்கள் எத்தனையோ பேர் கிடைத்திருப்பார்கள். அவருக்கு வேண்டியிருந்தது அந்தத் திறமையன்று. உயர்ந்து மெலிந்து நடுங்கும் அந்தக் குரலும் எல்லா வேடங்களினூடாகவும் அப்படியே இருக்கிறது. மாறாத சிலவற்றை இறுகப் பற்றியிருந்ததால்தான் மற்றவற்றை அவ்வளவு எளிதாக உதற முடிந்ததோ என்று நமக்குத் தோன்றுகிறது.

2005இல் மூளை இரத்தக்குழாய் வீக்கத்துக்குச் சிகிச்சை பெற்றார். அந்த நாட்களையொட்டியே 'ப்ரெய்ரி விண்ட்' தொகுப்பைப் பதிவுசெய்தார். மறு ஆண்டே ஈராக் போருக்கு எதிராக 'லிவிங் வித் வார்'. அதையொட்டிய பயணத்தில் பழைய இனிய பாடல்களைக் கேட்க வந்த சிலர் அட்லாண்டாவில் எழுந்து வெளியேறினார்கள். 2022இல், கோவிட் தடுப்பூசி பற்றிய தவறான தகவல்களைப் பரப்பும் நிகழ்ச்சிக்கு இடமளித்ததற்காக ஸ்பாட்டிஃபை தளத்திலிருந்து பாடல்களை விலக்கிக்கொண்டார். அதே நிகழ்ச்சி பிற தளங்களிலும் வரத்தொடங்கியபின், 2024இல் திரும்பினார். அதைப் பின்வாங்கல் என்பவர்கள் சொல்லட்டும். 2025இல், எண்பது வயதை எட்டும் ஆண்டில், 'குரோம் ஹார்ட்ஸ்' என்ற புதிய குழுவோடு மற்றுமொரு தொகுப்பை வெளியிட்டு, கிளாஸ்டன்பரி விழாவின் முதன்மை மேடையிலும் பாடினார்.

இலக்கிய வாசகர்களான நமக்கு இதில் சிந்திக்க ஏதேனும் உண்டா? உண்டு என்றே நினைக்கிறோம். பிடித்த எழுத்தாளர் ஒருவர் தமக்குப் பழக்கமில்லாத ஒன்றை எழுதிவிட்டால், 'இவர் பழைய மாதிரி இல்லை' என்று நாம் உதட்டைப் பிதுக்குகிறோம். அந்த வாக்கியத்தைச் சற்று நிதானித்துப் பார்த்தால், கெஃபன் நிறுவனத்தின் மனுவிலிருந்து அது அதிகம் வேறுபடவில்லை. புதிய படைப்பு மோசமானது என்று சொல்ல நமக்கு முழு உரிமை உண்டு, சொல்லவும் வேண்டும். அது பழையதைப் போல் இல்லை என்பது மட்டும் ஒரு குற்றச்சாட்டாக முடியாது.

அடுத்த முறை அந்த வாக்கியம் நம் நாவில் எழும்போது, படைப்பாளி நம்மிடம் எதற்கேனும் கையொப்பமிட்டுக் கொடுத்தாரா என்று நம்மையே ஒருமுறை கேட்டுக்கொள்வோம்.