கழித்துவிட்ட தரவுகளின் கணக்கு

காந்தலூரின் பூண்டு வயல்களைத் தாண்டி மேலேறினால் மன்னவன் சோலை வரும். அங்கே புதரடியில் இரைதேடும் வெண்வயிற்று நீல ராபினுக்கு, பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் வாழும் நீல ராபின் நெருங்கிய உறவு. ஆனாலும் வேறு இனம். இடையில் கிடப்பது முப்பது, நாற்பது கிலோமீட்டர் தாழ்நிலம்தான். சோலையை விட்டு இறங்காத பறவைக்கு அதுவே கடல். 2017இல் ஆய்வாளர்கள் வி.வி. ராபின், சுஷ்மா ரெட்டி முதலியோர் இவற்றை ‘ஷோலிகோலா’ என்ற புதுப் பேரினத்தில் வைத்தார்கள்.

பிரிந்தவை பிறகு எப்போதாவது கலந்தனவா? கலந்திருந்தால் வம்சாவளியை மரமாக வரைய முடியாது. கிளைகள் மறுபடி சேரும் வலையாகத்தான் வரைய வேண்டும். ஃபைலோநெட், ஸ்னாக் போன்ற மென்பொருள்கள் அந்த வலையைத் தேடுகின்றன. நடந்த வரலாற்றைப் பார்த்தவர் யாருமில்லை. அதனால் நாமே ஒரு வரலாற்றை வகுத்து, கணினியில் மரபணு வரிசைகளைப் பிறப்பித்து, மென்பொருள் அதைக் கண்டுபிடிக்கிறதா என்று பார்க்கிறோம்.

இந்தச் சோதனையில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பிறப்பித்த ஆயிரம் தரவுத் தொகுப்புகளில் நூறு கோளாறாக வந்தால் அவற்றை அழித்துவிட்டு, மீதித் தொள்ளாயிரத்தை வைத்து வெற்றி விகிதம் எழுதுகிறார்கள். தேர்வுக்கு வராதவர்களை விட்டுவிட்டுத் தேர்ச்சி விகிதம் சொல்லும் பள்ளியை நாம் நம்புவோமா?

அந்த நூறும் எப்படிப்பட்டவை என்று பாருங்கள். இனங்கள் அண்மையில் பிரிந்திருந்தால், குறுகிய மரபணுத் துண்டில் ஒரு மாற்றம்கூட விழாமல் எல்லா வரிசைகளும் ஒன்றாகவே இருக்கும். அப்போதும் சில மென்பொருள்கள் விடாமல் இரண்டிரண்டாகக் கிளை பிரித்து ஒரு மரம் தருகின்றன. எதை வைத்துப் பிரிக்கின்றன? சில நேரம், கோப்பில் பெயர்கள் எழுதப்பட்ட வரிசையை வைத்தே! நான்கு இனங்களை எடுத்துக்கொண்டால் வேரில்லாத மரங்கள் மூன்று வகைதான். கலப்பே இல்லாதபோது, துண்டுதோறும் கிடைக்கும் மரங்களில் இன வரலாற்றோடு ஒத்துப்போகாத இரண்டு வகைகளும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையில் வரவேண்டும். அந்தச் சமநிலை குலைந்தால் மரபணு இடம்மாறியதற்கான தடயம் என்கிறோம். பெயர் வரிசையால் பிறந்த பொய் மரங்கள் குலைப்பது அந்தச் சமநிலையைத்தான். நடக்காத கலப்பு நடந்ததாக முடிவு வந்துவிடும்.

ஒரே மாதிரி வரிசைகளை நீக்கிவிடலாமே என்பார்கள். நீக்கினால் நீண்ட கிளைகள் கொண்ட மரபணுக்களே அதிகம் மிஞ்சும்; அது வேறொரு சாய்வு. நீளமற்ற கிளைகளை ஒடுக்கி, ‘பிரிவு தெரியவில்லை’ என்றே மென்பொருளுக்குக் கொடுப்பதுதான் நேர்மை. பெயர்களைக் கலைத்து இன்னொருமுறை ஓட்டவும் வேண்டும். சில வலைகளைப் பற்றி, குறிப்பாக மூன்றே முனைகள் கொண்ட சிறு வளையங்களைப் பற்றி, நான்கு நான்கு இனங்களாக எடுத்துப் பார்க்கும் இந்தக் கணக்கால் பெரும்பாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதை மென்பொருளின் தோல்வி என்று எழுதுவதும் தவறு, தரவின் கோளாறு என்று தள்ளுவதும் தவறு. தனிப் பத்தியில் போட வேண்டும்.

எதை நீக்குவோம் என்ற விதியை ஓட்டுவதற்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். நின்றுபோன ஓட்டங்களின் எண்ணிக்கை, தற்செயல் எண்களைப் பிறப்பிக்கக் கொடுத்த தொடக்க எண், மென்பொருள் பதிப்பு எல்லாம் அட்டவணையில் வரவேண்டும். ஆய்வேடு என் கைக்கு வந்தால் முதலில் தேடுவது அந்த எண்ணிக்கையைத்தான். மன்னவன் சோலைப் பறவையின் இரத்தத் துளியிலிருந்து வரும் வரிசைகளிலும் மாற்றமே இல்லாத துண்டுகள் இருக்கும். அழித்துவிட்டு வேறொன்றைப் பிறப்பிக்க அங்கே வழியில்லை.

(கட்டுரையாளர், பரிணாம உயிரியல் தரவுகளைக் கணினிவழி ஆராய்பவர்)