பத்திரிசியார் கல்லூரியும் பூவரசங்குளத்துப் பிள்ளையும்

1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வந்து, பூவரசங்குளத்தில் காடு வெட்டிக் குடியேறிய நமது அங்கத்தவர் குடும்பம் ஒன்று ஆலோசனை கேட்டிருக்கிறது. மகன் சாதாரண தரத்தில் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் நல்ல பெறுபேறு எடுத்திருக்கிறான். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் உயர்தரத்துக்கு விண்ணப்பிக்கலாமா, அது பெரிய இடத்துப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அல்லவா என்று தகப்பன் தயங்குகிறார்.

அந்தத் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. 1850இல் கத்தோலிக்கக் குருமார் அந்த ஆண்கள் பாடசாலையைத் தொடங்கிய காலத்தில், நம் முப்பாட்டன்மார் மன்னார்க் கரையில் இறங்கி, இந்த வன்னிக் காட்டு வழியே மாத்தளைக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைக்கு ஒதுக்கியது ஆறு வயது முதல் பத்து வயது வரையான படிப்பு மட்டுமே. அதன் பிறகு கொழுந்துக் கூடைதான். 1945இல் நாட்டுக்கே இலவசக் கல்வி வந்தபோதும் லயத்துப் பள்ளிக்கூடம் துரையின் தயவிலேயே கிடந்தது.

1960, 61இல் அரசாங்கம் உதவி பெறும் மிஷன் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து இருந்து போராடினார்கள். பத்திரிசியார் கல்லூரி அரசிடம் போகாமல், கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலையாக நின்றது. கல்வி அரசின் கையில் இருக்க வேண்டும் என்பதே நமது நிலைப்பாடு. அந்தப் பொறுப்பேற்பை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் பட்டணத்துப் பாடசாலைகளை எடுத்த அதே அரசுக்குத் தோட்டப் பாடசாலைகள் கண்ணில் படவில்லை. அவற்றை எடுக்கத் தொடங்கியதே 1970களில்தான்.

ஆகவே தகப்பனுக்கு நாம் சொல்வது: விண்ணப்பியுங்கள். லயத்தில் பிறந்த அப்பாவின் மகன் என்பதற்காகப் படிவம் வாங்கக் கூசவேண்டாம். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் என்ன செலவாகும் என்பதை முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூலிவேலைக் குடும்பம் பாதியில் பிள்ளையைத் திருப்பி அழைப்பது பெரும்பாலும் அந்தச் செலவினால்தான்.

ஒரு பிள்ளை யாழ்ப்பாணம் போவதோடு விஷயம் முடியாது. போக முடியாதவனுக்கும் உயர்தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் படிக்க, பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் வகுப்பும் ஆசிரியரும் வேண்டும். இதை வலயக் கல்வி அலுவலகத்திடம் எழுத்தில் கேட்க இருக்கிறோம். பெறுபேறு வந்த பிள்ளைகளின் பெற்றோர், பிரதியோடு அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வாருங்கள். எத்தனை பிள்ளைகள் என்ற கணக்கோடு போனால்தான் அலுவலகத்தில் பேச முடியும்.