சீட்டு எழுதும் முன் கேட்கப் பழகுவோம்: குடும்ப மருத்துவருக்கு உளவியல் சிகிச்சைப் பயிற்சி குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

தூக்கமின்மை, படபடப்பு, மனச்சோர்வு என்று வருபவர்களுக்குக் குறுகிய கால உளவியல் சிகிச்சை அளிக்க ஒவ்வொரு குடும்ப மருத்துவருக்கும் பயிற்சி தரப்பட வேண்டும். மனநல மருந்துகள் யாருக்கு, எத்தனை நாளுக்கு எழுதப்படுகின்றன என்பதை வைத்தே அதன் பலனை அளக்க வேண்டும்.

பின்னணி

கணவரின் காரியம் முடிந்த வாரத்தில் ஒரு பெண் கிளினிக்குக்கு வருகிறார். "ராத்திரி கண்ணை மூடவே முடியல டாக்டர்." வெளியே இருபது பேர் காத்திருக்கிறார்கள். மருத்துவர் அல்பிரசோலம் எழுதுகிறார். இரண்டு வாரத்துக்கென்று எழுதிய மாத்திரை இரண்டு வருடமாகியும் நிற்பதில்லை. இப்படிப்பட்ட சீட்டை எங்களில் பலரும் எழுதியிருக்கிறோம்.

மனநோய் ஏதும் இல்லாமல், இழப்பின் துயரத்தில் மட்டும் இருப்பவர்களுக்கு அல்பிரசோலம் போன்ற பென்சோடயசெபின் வகை மருந்துகளைத் தரக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் வழிகாட்டியது. 2014 முதல் அல்பிரசோலம் இந்திய மருந்து விதிகளின் எச்1 அட்டவணையில் இருக்கிறது. விற்பனையை மருந்துக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். கடைக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. மருத்துவருக்கு மாற்று வழியை யாரும் கற்றுத் தரவில்லை.

சான்றுகள்

ஆக்ஸ்ஃபோர்டில் நடந்து 1995இல் வெளியான ஆய்வில், மனச்சோர்வு உள்ளவர்களுக்குச் சிக்கல் தீர்க்கும் சிகிச்சை ஆறு அமர்வுகளில் அளிக்கப்பட்டது. பயிற்சி பெற்ற பொது மருத்துவர்களும் அதை அளித்தனர். பலன் அமிட்ரிப்டிலின் மாத்திரைக்கு இணையாக இருந்தது. நம் நாட்டில், கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. மருத்துவப் பட்டம் இல்லாத ஆலோசகர்களே ஆறு முதல் எட்டு அமர்வுகளில் கடும் மனச்சோர்வைக் குறைத்துக் காட்டினர். அவர்களால் முடிந்தது நம்மாலும் முடியும்.

எச்சரிக்கை

மருந்துச் சீட்டுகளின் எண்ணிக்கை குறைந்தாலே வெற்றி என்று நாங்கள் கருதவில்லை. காதுகொடுத்துக் கேட்கும் மருத்துவர், இதுவரை கண்ணில் படாத கடும் மனச்சோர்வு உள்ளவர்களையும் கண்டுபிடிப்பார்; அவர்களில் சிலருக்கு மருந்து அவசியம். மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, தற்கொலை எண்ணம் உள்ளவர்களை மனநல மருத்துவரிடம் அனுப்பியே ஆக வேண்டும். நெடுநாள் பென்சோடயசெபின் எடுத்தவருக்குத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள்

1. எம்பிபிஎஸ், குடும்ப மருத்துவ மேற்படிப்பு இரண்டிலும் இந்தப் பயிற்சி கட்டாயமாக வேண்டும். விரிவுரை மட்டும் போதாது. மூத்தவர் மேற்பார்வையில் நோயாளிகளுடன் பேசிப் பழக வேண்டும்.
2. பயிற்சி முடிந்த பிறகும் மாதம் ஒருமுறை மருத்துவர்கள் கூடி, தங்களைத் தடுமாற வைத்த நோயாளிகளைப் பற்றிக் கலந்து பேச வேண்டும். மைக்கேல் பாலின்ட் 1950களில் லண்டனில் பொது மருத்துவர்களுடன் தொடங்கிய குழுமுறை இதற்கு நல்ல முன்மாதிரி.
3. அரசு நிலையங்களில் வாரத்தில் அரை நாளாவது நீண்ட ஆலோசனைக்கு ஒதுக்க வேண்டும். நேரமில்லாவிட்டால் கற்ற திறமை பயன்படாமலே போய்விடும்.
4. நான்கு வாரங்களைத் தாண்டி பென்சோடயசெபின் எடுப்பவர்களின் எண்ணிக்கையைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் கணக்கிட வேண்டும்.

நான்காவது கோரிக்கையை யாருடைய ஆணைக்கும் காத்திராமல் எங்கள் உறுப்பினர்கள் தங்கள் கிளினிக்குகளிலேயே தொடங்குகிறார்கள். முதலில் எங்கள் சீட்டுகளை நாங்களே எண்ணிப் பார்க்கிறோம்.