குட்டி ஆமைக்கு வழிவிடுவோமா?

செல்லக் குட்டீஸ்களே,

பரீட்சை முடிந்ததா? நீச்சல் வகுப்பு, பாட்டு வகுப்பு என்று விடுமுறைக்குப் பட்டியல் போட்டாயிற்றா? அதில் ஒரு மாலை நேரத்தைக் கடற்கரைக்கும் ஒதுக்குங்கள்.

ஆலிவ் ரிட்லி ஆமையை நம் மீனவர்கள் 'பங்குனி ஆமை' என்பார்கள். இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி, சுமார் நூறு முட்டைகள் இட்டுவிட்டுத் தாய் ஆமை கடலுக்குத் திரும்பிவிடும். சுமார் 50 நாட்களில் குஞ்சுகள் தாமாகவே வெளியே வரும். வெளிச்சம் தெரியும் பக்கம்தான் கடல் என்று நம்பி ஓடும். தெருவிளக்கைப் பார்த்து ரோட்டுப் பக்கம் வந்துவிட்டால்? பாவம், நாய்க்கோ காக்கைக்கோ இரையாகிவிடும்.

இதைத் தடுக்கத்தான் 1988-ல் சென்னையில் மாணவர்கள் சேர்ந்து கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் நடந்து, முட்டைகளைச் சேகரித்து, பத்திரமாகப் பொரிக்கவைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். பெரியவர்களோடு போனால் நீங்களும் பார்க்கலாம். ஆனால், தொடக்கூடாது, டார்ச்சும் பிளாஷும் கூடவே கூடாது!

2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான பெரிய ஆமைகள் இறந்து ஒதுங்கின. இழுவை வலையில் சிக்கும் ஆமை, மேலே வந்து மூச்சுவிட முடியாமல் இறந்துவிடும். அதனால் பிழைத்துவரும் ஒவ்வொரு குஞ்சும் முக்கியம்.

கடற்கரையோரம் வீடா? ஆமைக் காலத்தில் இரவு மொட்டைமாடி விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் கடல் இல்லையா? ஏரியோ குளமோ இருக்குமே! அதைச் சுத்தம் செய்யும் அண்ணன், அக்காக்களோடு கைகோருங்கள். என்ன செய்தீர்கள் என்று எங்களுக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்