அரசுப் பள்ளியும் பெற்றோரின் கணக்கும்

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளைப் பற்றிப் பெற்றோருக்கு உள்ள நிறைவும் கவலையும் ஒரே விஷயத்தைப் பற்றியவை அல்ல. பள்ளி பிள்ளைக்குக் கொடுப்பதில் அவர்களுக்கு நிறைவு. வகுப்பறைக்குள் நடப்பதில் கவலை. இரண்டையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி பார்க்கும் எந்தக் கணக்கெடுப்பும் பாதி உண்மையைத்தான் சொல்லும்.

நிறைவுக்கான காரணங்கள் கண்ணெதிரே இருப்பவை. கட்டணம் இல்லை, பாடநூல், சீருடை, புத்தகப் பை, மேல்வகுப்பில் மிதிவண்டி. 1982இல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவுத் திட்டத்துடன் 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது; அடுத்த ஆண்டே அது எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. விடிந்ததும் வேலைக்குக் கிளம்பும் தாய்க்கு இது சலுகை அல்ல, ஒரு வேளைச் சமையல் குறைகிறது. மருத்துவப் படிப்பில் 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும், கல்லூரி செல்லும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களை முன்வைத்தே அமைந்தவை. ஐந்தாம் வகுப்புவரை தனியாரில் படிக்கவைத்துவிட்டு ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்குக் கொண்டுவருவதை லாபமாக்கும் ஏற்பாடு இது.

தொடக்கப் பள்ளியின் நிலை வேறு. பெற்றோர் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது பிள்ளைக்கு மூன்று வயதாகும்போது. அந்த வயதில் தனியார் பள்ளியின் எல்கேஜி வகுப்பும் வீட்டு வாசலுக்கு வரும் வேனும் தயாராக இருக்கின்றன. அரசுத் தொடக்கப் பள்ளியோ பெரும்பாலும் ஒன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. 2019இல் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்கப்பட்டன. 2022இல் அவற்றைக் கைவிடும் முடிவு வந்தது; எதிர்ப்புக்குப் பின் அவை தொடர்ந்தன. ஆனால் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடங்களில் தனியார் பள்ளி எல்கேஜியில் சேரும் குழந்தைக்கு அரசே கட்டணம் செலுத்துகிறது. தன் பள்ளியில் இல்லாத வகுப்புக்கு வெளியே பணம் கட்டும் அரசிடமிருந்து பெற்றோர் எதைப் புரிந்துகொள்வார்கள்?

கவலையின் மையம் ஆசிரியர் எண்ணிக்கை. சட்டப்படி 60 குழந்தைகள்வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் போதும். விகிதத்தைப் பார்த்தால் குறையில்லை. 40 பேருக்கு இருவர் என்பது தாராளம். ஆனால் வகுப்புகள் ஐந்து. ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போனால், மற்றவர் ஐந்தையும் ஒரே அறையில் உட்காரவைக்க வேண்டும். எமிஸ் என்ற கல்வித் தகவல் இணையதளப் பதிவுகளும் தலைமையாசிரியர் வேலையும் இதற்கு மேல். வாசலில் நின்று பார்க்கும் பெற்றோருக்கு விகிதம் தெரியாது. வகுப்பில் டீச்சர் இல்லை என்பது தெரியும். அவர்கள் மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போவதால் எண்ணிக்கை குறைகிறது. எண்ணிக்கை குறைவதால் ஆசிரியர் பணியிடம் உபரி என்று கணக்காகி வேறு ஊருக்குப் போகிறது. சிற்றூர்ப் பள்ளிகள் இப்படித்தான் மெலிகின்றன. ஆசிரியரின் தகுதியில் அரசுப் பள்ளி தாழ்ந்ததே இல்லை என்பது இந்தச் சுழற்சியில் யார் காதிலும் விழுவதில்லை.

கற்றல் குறித்த கவலை நியாயமானது. அதற்குப் பெற்றோர் எடுக்கும் அளவுகோல்தான் சந்தேகத்துக்குரியது. மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசிப்போர், 2022இன் ஏசர் என்ற கற்றல்நிலை ஆய்வின்படி தமிழகக் கிராமங்களில் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. பெருந்தொற்று கல்வியைக் குலைத்த காலம் அது. 2024இல் நிலை ஓரளவு தேறியது. இதில் தனியார் பள்ளிகள் பெரிதாக முன்னே நிற்கவில்லை. பெற்றோர் பார்ப்பதோ ஆங்கில வழி, ஹோம்வொர்க், டை, ஷூ. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் உண்டு. அதே ஆசிரியர் அதே அறையில் இரு வழிக்கும் பாடம் சொல்லும் பள்ளிகளில் அது பெயரளவில் நின்றுவிடுகிறது.

வெளியேறியவர்கள் எந்தத் திருப்திக் கணக்கிலும் வருவதில்லை. பெருந்தொற்றின்போது, 2021இல், கட்டணம் கட்ட முடியாமல் அரசுப் பள்ளிக்கு வந்த பல குடும்பங்கள், வருமானம் திரும்பியதும் தனியாருக்கே போயின. வந்தபோது கிடைத்த பாராட்டுக்கும் போனபோது நிலவிய மௌனத்துக்கும் இடையில் அவர்களிடம் காரணம் கேட்க ஏற்பாடு இல்லை.

கேட்பதற்கென்று சட்டம் அமைத்த இடம் பள்ளி மேலாண்மைக் குழு. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழகத்தில் 2022இல் இக்குழுக்கள் மறுசீரமைக்கப்பட்டன. கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் பற்றிய தீர்மானங்கள் இங்கே எளிதாக நிறைவேறுகின்றன. பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று ஒரு தாய் எழுந்து சொல்வது அரிது. கூட்டத்துக்கு வந்தால் அரை நாள் கூலி போகும். டீச்சர் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம். இலவசமாகக் கிடைப்பதைக் குறை சொல்வதா என்ற கூச்சம் வேறு. நிரந்தர ஆசிரியர் பணியிடத்தை நிரப்பும் அதிகாரமும் இக்குழுவுக்குக் கிடையாது. தீர்மானம் போட்டு மேலே அனுப்பலாம், அவ்வளவுதான்.