சுமையைச் சுமக்கும் சொல்



நெடும் பயணம் முடித்து ஊர் திரும்புகிறீர்கள். பேருந்து நிலையத்தில் சுமை தூக்குவோர் எவரும் இல்லை. கனத்த பெட்டியைச் சற்றுத் தூரம் தூக்கியும், சற்றுத் தூரம் இழுத்தும், கை மாற்றியும், மூச்சு வாங்க வீட்டு வாசலை அடைகிறீர்கள். இந்தப் பாடு முழுவதையும் ஓரசையில் உரைத்துவிட ஆங்கிலப் பேச்சு வழக்கில் ஒரு வினைச்சொல் உண்டு. 'லக்' என்பது அச்சொல். நாம் நாள்தோறும் புழங்கும் 'லக்கேஜ்' அதன் வழிப் பிறந்ததே. ஆதியில் 'லக்' என்றால் இழுத்தல் என்றே பொருள்.

இச்சொல்லை ஸ்பானிஷ் மொழியில் பெயர்க்க வேண்டிய ஒருவரை எண்ணிப் பாருங்கள். 'தாய் தன் மகனின் பெட்டியை ரயில் நிலையம் வரை 'லக்' செய்தாள்' என்பது வாக்கியம் என வைத்துக்கொள்வோம். 'யேவார்' என்ற சொல் உடனே கைக்கு எட்டும். கொண்டு செல்லுதல் என்பது அதன் பொருள். அதை இட்டு எழுதினால் இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால் கைக்குட்டையைக் கொண்டு செல்வதற்கும் அதே சொல்தானே! பெட்டி நிலையம் போய்ச் சேர்ந்துவிடும்; தாயின் வியர்வை வழியிலேயே காணாமற் போய்விடும்.

வேறு சொற்கள் இல்லாமல் இல்லை. 'அர்ராஸ்த்ரார்' என்றால் தரையோடு இழுத்துச் செல்லுதல். 'யேவார் ஆ குவெஸ்தாஸ்' என்றால் முதுகில் சுமத்தல். 'அக்கர்ரேயார்' என்பது வண்டியைக் குறிக்கும் 'கார்ரோ'விலிருந்து வந்தது; மண், கல், தண்ணீர் போன்றவற்றைச் சுமந்து கொண்டு சேர்ப்பதற்கு ஏற்றது. 'கர்கார் கோன்' என்பதோ பாரத்தைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு நடப்பது. பழியையும் பொறுப்பையும் சுமப்பதற்குக்கூட ஸ்பானியர் இதனையே ஆள்வர்.

ஆகவே, ஆங்கிலம் சொல்லாமல் விட்ட ஒன்றை மொழிபெயர்ப்பாளர் தமக்குள் கேட்டாக வேண்டும்: அந்தத் தாய் இழுத்தாளா, முதுகில் ஏற்றினாளா, கையில் தூக்கினாளா? மூலத்தில் விடை இல்லையெனில், சுமந்த விதத்தைச் சொல்லாமல் சுமையின் கனத்தை மட்டும் உணர்த்தும் 'கர்கார் கோன்' பெரும்பாலும் பொருந்தி வரும்.

சுமை பற்றிய ஸ்பானிஷ் சொற்களைத் தேடிச் செல்வோரின் செவியில் அரபு மொழியின் ஓசையும் விழும். கி.பி. 711 முதல் 1492 வரை அந்நாட்டில் முஸ்லிம் ஆட்சி நிலவியதன் சுவடு அது. பயணப் பையைக் குறிக்கும் 'அல்ஃபோர்ஹா' அரபியின் 'அல்குர்ஜ்'. பொதி விலங்கின் சேணமான 'அல்பர்தா'வும் அரபு வழி வந்ததே. சுமார் பதினொன்றரை கிலோ எடையைக் குறித்த 'அர்ரோபா', நான்கில் ஒரு பங்கு எனப் பொருள்படும் 'அர்ருப்உ' என்பதன் திரிபு. இன்று மின்னஞ்சல் முகவரியின் நடுவே வரும் குறியையும் ஸ்பானியர் அப்பெயராலேயே அழைக்கின்றனர்!

இவற்றுள் நெஞ்சைத் தொடுவது 'அஸகான்' என்னும் சொல். தண்ணீர் சுமந்து கொடுப்பவரைக் குறிக்கும் 'அஸ்ஸக்கா' என்ற அரபுச் சொல்லே அவ்வாறு மருவிற்று. பின்னாளில் எளிய, கடினமான வேலைகளில் உழல்பவர் எவரையும் அது குறிக்கலாயிற்று. தோல் பையைத் தோளில் தாங்கித் தெருத்தெருவாய் நடந்தவர்களின் களைப்பு அச்சொல்லில் இன்றும் தங்கியிருக்கிறது.

சிந்தியுங்கள் நேயர்களே! பிறர் சொல்லை வேறு மொழியில் எடுத்துரைப்பதும் ஓர் அமானிதமே. ஒப்படைக்கப்பட்ட பொருளை எடை குறையாமல் சேர்ப்பது போல, ஒருவர் பட்ட பாட்டையும் குறையாமல் சேர்க்க வேண்டும். பெட்டியை மட்டும் கொண்டு சேர்த்துவிட்டு, அதைச் சுமந்தவரின் களைப்பை வழியில் விட்டுவருவது மொழிபெயர்ப்பாகாது.